டயர் உரசுகிறதா? சுத்தியலைக் கீழே வையுங்கள்!



பழைய காருக்குப் பெரிய வீல் போடுவது இன்று ஊரெங்கும் நடக்கிறது. வண்டி எடுப்பாகத் தெரிய வேண்டும், ஸ்பீட் பிரேக்கரில் அடி தட்டக் கூடாது. இந்த இரண்டு ஆசைதான் காரணம். ஆசையில் தப்பில்லை. ஆனால் வீலை மாட்டி வெளியே எடுத்த அன்றே 'சர்ர்... சர்ர்...' என்று ஒரு சத்தம் வருகிறதே, அதற்கு நம்மிடம் உள்ள மருந்து என்ன? சுத்தியல்! மட்கார்டை உள்ளிருந்து நாலு தட்டு தட்டுவது, அதிலும் அடங்காவிட்டால் வெட்டி விடுவது. "இப்ப ஓட்டிப் பாருங்க சார், சத்தமே இல்ல!" வைத்தியம் முடிந்தது.

இது வைத்தியமே அல்ல என்பதுதான் என் வாதம். உரசல் என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி. அளவு எடுக்காமல் வீல் வாங்கியதுதான் நோய். அதைச் சரி செய்ய வேண்டிய இடம் மட்கார்டு இல்லை, டயர் கடை மேசை!

வெறும் பேச்சாக இருக்கக் கூடாது என்பதற்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமக்கெல்லாம் தெரிந்த மாருதி 800. 1983 டிசம்பரில் வந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன வண்டி. இன்றும் ரோட்டில் பார்க்கிறோம். அதில் கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் 145/70 ஆர் 12. அதாவது டயரின் அகலம் 145 மி.மீ. பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், 101.5 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 203. ரிம் 12 அங்குலம், 304.8 மி.மீ. மொத்த விட்டம் ஏறக்குறைய 508 மி.மீ.

இதைக் கழற்றிவிட்டு 165/65 ஆர் 13 போட்டால்? பக்கச் சுவர் இரண்டும் சேர்ந்து 214.5, ரிம் 330.2. மொத்தம் ஏறக்குறைய 545 மி.மீ. விட்டம் 37 மி.மீ. கூடிவிட்டது. அகலம் 20 மி.மீ. கூடிவிட்டது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். "வண்டியே உசந்துடுச்சே, அப்புறம் எப்படிய்யா இடம் குறையும்?" என்று கேட்கிறார்கள். நன்றாக யோசியுங்கள். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி கூடியது உண்மை. ஆனால் ஹப்புக்கும் மட்கார்டுக்கும் உள்ள தூரத்தை முடிவு செய்வது ஸ்பிரிங். ஸ்பிரிங்கும் அதேதான், பாரமும் அதேதான். எனவே அந்தத் தூரம் மாறவில்லை. டயரின் ஆரம் மட்டும் 18.5 மி.மீ. கூடியிருக்கிறது. டயர் உச்சிக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த இடத்தில் அந்த 18.5 மி.மீ. போய்விட்டது!

அடுத்தது ஆப்செட். ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ரிம் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் உள்ள தூரம் இது. ரிம்மின் மேல் நம்பராகவே குத்தியிருப்பார்கள். பழைய ரிம்மைவிடப் புது ரிம்மின் ஆப்செட் 10 மி.மீ. குறைவு என்று வைத்துக்கொள்வோம். வீல் 10 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். டயர் அகலம் 20 கூடியதால் பக்கத்துக்கு 10. ஆக வெளிவிளிம்பு 20 மி.மீ. வெளியே வந்துவிடும், உள்விளிம்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆப்செட் மாறாவிட்டால் உள்ளே 10, வெளியே 10. வெளியே உரசுமா, உள்ளே ஸ்ட்ரட்டில் உரசுமா என்பதைக் காரை ஜாக்கியில் ஏற்றாமலே பேப்பரில் சொல்லிவிடலாம். முதலாம் ஆண்டு கணக்கு இது!

சரி, வீல் மாட்டியாகிவிட்டது, உரசுகிறது. என்ன செய்வது? முதலில் எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். டயரின் தோளிலும் பக்கச் சுவரிலும் சாக்பீஸைத் தடவி, நாலு பேரை உட்கார வைத்து, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, ஒரு ஸ்பீட் பிரேக்கரை மெதுவாக ஏறி இறங்குங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அதுதான் இடம். பள்ளத்தில் மட்டும் உரசினால் மேலே இடம் போதவில்லை. திருப்பும்போது மட்டும் உரசினால் லைனரிலோ, வீல் ஆர்ச்சின் பின்மூலையிலோ, பம்பர் ஓரத்திலோ படுகிறது. நேராக ஓடும்போதே உரசினால் உள்ளே ஸ்ட்ரட்டைப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. சுத்தியலோ ஒன்றே ஒன்று!

இரண்டாவது, பழைய வண்டி என்பதை மறக்கக் கூடாது. வீல் சென்டரிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். இடதும் வலதும் வித்தியாசம் வந்தால் ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம். ஸ்ட்ரட் மவுண்ட், லோயர் ஆர்ம் புஷ் இவை தேய்ந்திருந்தாலும் வீல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. அதை மாற்றினாலே சத்தம் நின்றுவிடுகிற வண்டிகள் உண்டு. அங்கே போய் மட்கார்டை வெட்டுவது பாவம் இல்லையா?

மூன்றாவது, டயர் அளவை மாற்றிப் பார்ப்பது. அதே 13 அங்குல ரிம்மில், அந்த ரிம்மின் அகலம் ஏற்குமானால், 155/65 போட்டால் விட்டம் ஏறக்குறைய 532 மி.மீ. பழைய டயரைவிட 37 அல்ல, 24 மட்டுமே அதிகம். ஆரக் கணக்கில் 12 மி.மீ. அகலமும் 10 மி.மீ. குறையும். அழகும் போகாது, இடமும் கிடைக்கும்.

லைனர் பிளாஸ்டிக்தான் தட்டுகிறது என்றால் கிளிப் கழன்றிருக்கிறதா பார்த்து மாட்டலாம், சூடு காட்டி ஒதுக்கலாம். உள்ளே ஸ்ட்ரட்டில் படுகிறது என்றால் மெல்லிய ஸ்பேசர் உதவும். ஆனால் ஸ்பேசர் போட்ட பிறகும் வீல் நட், போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏறியிருக்க வேண்டும். இல்லையென்றால் சத்தத்தை நிறுத்தப் போய் வீலையே கழற்றி விட்டவர்கள் ஆவோம். ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் சொருகுவது பள்ளத்து உரசலுக்குக் கொஞ்சம் உதவலாம், திருப்பும்போது வரும் உரசலுக்கு உதவாது. இத்தனையும் பார்த்த பிறகுதான் மட்கார்டு விளிம்பு. அதையும் வெட்டாதீர்கள், சூடு காட்டி மெல்ல உள்பக்கம் மடியுங்கள். சூடு இல்லாமல் மடித்தால் பெயின்ட் வெடிக்கும், துரு ஏறும். பின்பக்க வீல் ஆர்ச்சில் வெளித்தகடும் உள்தகடும் அந்த விளிம்பில்தான் ஸ்பாட் வெல்டு ஆகியிருக்கும். அதை வெட்டினால் தகடு வாய் பிளக்கும், மழைத் தண்ணீர் உள்ளே போகும்.

"பத்து நிமிஷ வேலைக்கு இவ்வளவு அளவெல்லாம் எதுக்குப்பா? டிப்ளமோ படிச்சா இப்படித்தான் பேசுவீங்க!" என்று பட்டறையில் கேட்பார்கள். கேட்கட்டும். டயரின் பக்கச் சுவர் மெல்லியது. உரசி உரசி உள்ளே இருக்கும் நூல் தெரிந்துவிட்டால் பஞ்சர் போட்டுச் சரி செய்ய முடியாது, தூக்கித்தான் போட வேண்டும். ஓடும்போது வெடித்தால்? உள்பக்கம் பிரேக் ஹோஸில் பட்டால்? உள்ளே குடும்பத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு என்ன பதில்? போதாக்குறைக்கு விட்டம் 7 சதவீதம் கூடியதால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 64-ல் ஓடுகிறது. 796 சி.சி. இன்ஜின் இழுக்கும் விசை டயரில் அதே அளவுக்குக் குறைகிறது. மேட்டில் ஏறும்போது தெரியும்.

டிங்கர் அண்ணன்மார்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர்கள் கைக்கு வரும்போதே தப்பு நடந்து முடிந்திருக்கிறது. வீலை விற்றவர் பணத்தை எண்ணிப் பெட்டியில் போட்டுவிட்டார். வாங்கியவர் "எப்படியாவது சத்தத்தை நிறுத்துங்க" என்று வந்து நிற்கிறார். கடைசியில் நிற்கிறவர் கையில் இருப்பது சுத்தியல்தான். அவருடைய கைப்பழக்கம் நமக்கு வர இருபது வருஷம் ஆகும். ஆனால் முதல் ஆளாக நின்று "இந்த அளவு உங்க வண்டிக்கு வேண்டாம் சார்" என்று சொல்ல ஒருவன் வேண்டுமே! அந்த ஒருவன் நாமாக இருக்கலாம்.

அதையும் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டில் போய் ஆப்செட், ஆஸ்பெக்ட் ரேஷியோ என்று பேசினால் யாருக்கும் புரியாது. "டயருக்கும் தகரத்துக்கும் நடுவுல இவ்ளோ இடம் வேணும், இல்லன்னா வெடிச்சிரும்" என்று விரலை வைத்துக் காட்டினால் உடனே புரியும். கார் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் நம் வீட்டு மனிதர்களைப் போன்றவர்களே. அவர்களுக்குப் புரியாத படிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எனவே ஒரு வேண்டுகோள். நம் ஆட்டோமொபைல் லேப் வாசலில், பழைய கார்கள் ஒவ்வொன்றுக்கும் கம்பெனி டயர் அளவு, விட்டம், எந்த மாற்று அளவு போட்டால் எவ்வளவு கூடும் என்று ஒரு பலகை எழுதி வைப்போம். அதையே நகல் எடுத்து டயர் கடைகளுக்கும் கொடுப்போம். செலவு, ஒரு பெயின்ட் டப்பாவும் இரண்டு சனிக்கிழமையும்தான்.

விற்கும் முன் அளப்போம். மாட்டும் முன் சொல்வோம். சுத்தியல் கடைசியில் இருக்கட்டும்!