பூதத்துக்குள் ஒரு மனிதன்!

நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்பார்கள்.

ஜப்பானில் ஒருவர் 18 வருஷம் ராட்சத மிருக வேஷம் போட்டார். சும்மா குரைத்துவிட்டுப் போகவில்லை. டோக்கியோ நகரத்தையே மிதித்து நொறுக்கினார்! ரெயிலைக் கவிழ்த்தார்! பார்த்த குழந்தைகள் முதலில் அலறின. பிறகு அதே குழந்தைகள் கைதட்டி ரசித்தன.

ஆனால் அந்த ஆளின் முகம் கறுப்பா, சிவப்பா என்று அந்தக் குழந்தைகளில் பல பேருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஹரூவோ நகாஜிமா. "காட்ஸில்லா" என்று உலகமே சொல்லுகிறதே, அந்தப் பூதத்தின் தோலுக்குள் இருந்த மனிதர் இவர்தான்.

2017-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி நிமோனியாவால் அவர் காலமானார். வயது 88. சாவுச் செய்தி வெளியானதும் ஜப்பானில் மட்டுமல்ல, கடல் கடந்து அமெரிக்காவிலும் ரசிகர்கள் கண்ணீர் விட்டார்கள். பெரிய பெரிய பத்திரிகைகள் எல்லாம் அவருக்கு இரங்கல் எழுதின.

"ரப்பர் சட்டைக்குள் புகுந்துகொண்டு ஆடிய ஆளுக்கு இவ்வளவு ஒப்பாரியா?" என்று சிலர் கேட்கலாம்.

நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்லிவிடுவோம்.

அணுகுண்டு பெற்ற பிள்ளை

கதை 1954-ம் ஆண்டில் தொடங்குகிறது. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு விழுந்து 9 வருஷம்தான் ஆகியிருந்தது. ஆறாத புண்.

அந்தப் புண்ணிலேயே மறுபடி ஒரு குத்து! மார்ச் 1-ந் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவுப் பக்கம் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதனை நடத்தியது. எங்கோ தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மேல் அந்தச் சாம்பல் கொட்டியது. படகில் இருந்தவர்கள் 23 பேர். அத்தனை பேரும் நோயில் விழுந்தார்கள். ரேடியோ ஆபரேட்டர் செப்டம்பர் மாதம் இறந்தார்.

அதே வருஷம் நவம்பர் 3-ந் தேதி "காட்ஸில்லா" திரைக்கு வந்தது. டைரக்டர் இஷிரோ ஹோண்டா. தந்திரக் காட்சிகளுக்குப் பொறுப்பு எய்ஜி சுபுராயா.

கடலடியில் கிடந்த மிருகம். ஹைட்ரஜன் குண்டு அதை எழுப்பிவிடுகிறது. எழுந்து வந்து ஊரை எரிக்கிறது. இதுதான் கதை. பார்த்த ஜனங்களுக்கு அது வெறும் கதையாகவா தெரிந்திருக்கும்? சுமார் 96 லட்சம் டிக்கெட் விற்றது!

கடைசியில் பூதம் சாகிறது. அப்பாடா என்று ஜனங்கள் எழுந்துபோக வேண்டியதுதானே? அதுதான் இல்லை. அந்தப் படத்தின் கதாநாயகன் அகிரா தகாரதா, 2022-ல் காலமானவர். படத்தை முதன்முதலில் போட்டுப் பார்த்தபோது, காட்ஸில்லா செத்ததற்காகத் தாம் அழுததாகப் பிற்காலத்தில் பல தடவை சொல்லியிருக்கிறார்.

பூதத்துக்காகக் கதாநாயகனே அழுகிறான் என்றால் என்ன அர்த்தம்? அந்த ரப்பருக்குள் ஒரு உயிர் துடித்தது என்று அர்த்தம்! அந்த உயிர்தான் நகாஜிமா.

ஒரு மூட்டை அரிசி

அவருக்கு அப்போது 25 வயது. டோஹோ கம்பெனியில் சின்ன நடிகர். சண்டைக் காட்சிக்குக் கூப்பிட்டால் போவார். அதே 1954-ல் வந்த குரோசவாவின் "ஏழு சாமுராய்" படத்தில் கொள்ளைக்கூட்டத்தில் ஒருவராக வந்தார். யார் கவனித்தார்கள்?

காட்ஸில்லாவுக்காக ஒரு உடை தைத்தார்கள். தைத்தார்கள் என்றா சொல்வது? கட்டினார்கள் என்றே சொல்லலாம். மூங்கில், கம்பி, துணி, அதற்குமேல் ரப்பர். முதல் உடையின் எடை சுமார் 100 கிலோ. கடைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரு மூட்டை அரிசி! அதை முதுகில் ஏற்றினாலே முட்டி கழன்றுபோகும். இவர் அதை உடம்பு முழுக்கச் சுற்றிக்கொண்டு நடக்கவேண்டும், விழவேண்டும், மறுபடி எழுந்திருக்கவும் வேண்டும்.

அந்த முதல் உடை விறைப்பாக இருந்ததால் நடக்க முடியவில்லை. அதை வெட்டி, காலை மட்டும் காட்டும் காட்சிகளுக்கு வைத்துக்கொண்டு, கொஞ்சம் இலகுவாக வேறொன்று செய்தார்கள்.

சரி, பாரம் போகட்டும். சூடு இருக்கிறதே, அதுதான் கொடுமை.

செட்டில் போட்ட வீடுகள் எல்லாம் நிஜ அளவில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கதைப்படி காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 மீட்டர்! ஆளுக்குச் சரியான அளவு. ஆனால் மனிதன் நடக்கும் வேகத்தில் நடந்தால் பூதம் மாதிரி இருக்காது. பொம்மை மாதிரி இருக்கும். அதனால் காமிராவை வேகமாக ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். அப்படி எடுத்ததை சாதாரண வேகத்தில் ஓட்டினால் அசைவு மெதுவாகும். மலை நகர்வது போல இருக்கும்.

பிலிம் வேகமாக ஓடினால் வெளிச்சம் அதிகம் வேண்டுமே! கண் கூசுகிற விளக்குகளை வரிசையாகப் போட்டார்கள். உடைக்குள்ளே 60 டிகிரி சென்டிகிரேடு வரை சூடு ஏறியதாம். காற்று வராது. கழுத்தில் இருந்த சின்ன ஓட்டைகள் வழியாகத்தான் வெளியே பார்க்கவேண்டும். ஷாட் முடிந்து பனியனைக் கழற்றிப் பிழிந்தால் வியர்வை கொட்டும்.

முதல் படத்தில் காட்சுமி தெசுகா என்ற மூத்த நடிகரும் அந்த உடைக்குள் இறங்கினார். அவர் பெயரையும் சொல்லிவிடுவதுதான் முறை. ஆனால் வேலையின் பெரும் பகுதி நகாஜிமாவின் தலையில்தான் விழுந்தது.

யானையும் கரடியும் குரு

"சட்டையை மாட்டிக்கொண்டு உதைப்பதற்கு நடிப்பு எதற்கு?" என்று கேட்கிறீர்களா?

நகாஜிமா மிருகக்காட்சி சாலைக்குப் போனார். யானை காலை எப்படித் தூக்கி எப்படி ஊன்றுகிறது, கரடி எப்படித் திரும்புகிறது என்று உட்கார்ந்து பார்த்தார். அதைத்தான் செட்டுக்குக் கொண்டுவந்தார்.

முகத்தைக் காட்ட முடியாது. வசனம் கிடையாது. கண்ணால் பேசலாம் என்றால் கண்ணும் சொந்தம் இல்லை. மிச்சம் என்ன? தோளும், இடுப்பும், காலும்தான். அதை வைத்துக்கொண்டு கோபம் காட்டினார், வலி காட்டினார். பிற்காலப் படங்களில் கிண்டலும் காட்டினார். 1965-ல் வந்த ஒரு படத்தில் காட்ஸில்லா வெற்றிக் களிப்பில் குதித்துக் குதித்து ஆடும். அந்த வெயிட்டோடு!

1954 முதல் 1972 வரை 12 காட்ஸில்லா படங்கள். இடையில் 1956-ல் ரோடான் என்ற ராட்சதப் பறவை. 1967-ல் கிங்காங்! காட்ஸில்லாவும் அவரே, கிங்காங்கும் அவரே!

சும்மா கிடைத்ததா இந்தப் பெயர்? ரோடான் படப்பிடிப்பில் அந்தரத்தில் தொங்கியபோது கம்பி அறுந்து விழுந்தார். 1958-ல் "வாரான்" என்ற பூதமாக நடித்தபோது வயிற்றுக்கு அடியில் வெடி வெடித்துத் தீக்காயம் பட்டது. காயம் ஆறியது, மறுபடி உடைக்குள் புகுந்தார்.

நகரத்தைச் சாய்த்தவர்

1958-ல் ஜப்பானில் 100 கோடிக்கும் மேல் சினிமா டிக்கெட் விற்றது. பிறகு டெலிவிஷன் வீட்டுக்கு வீடு வந்தது. தியேட்டர் காலியானது. 1970-ல் சுபுராயா காலமானார். கம்பெனிகள் நடிகர்களின் ஒப்பந்தங்களை ரத்து செய்தன. 1972-ல் நகாஜிமா கடைசியாகக் காட்ஸில்லா தோலைக் கழற்றி வைத்தார். வயது 43.

பிறகு என்ன வேலை தெரியுமா? டோஹோ கம்பெனி நடத்திய பவுலிங் கூடத்தில் போட்டார்கள். பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிறார்களே, அந்த விளையாட்டுக் கூடம்.

டோக்கியோவையே சாய்த்தவர், கட்டை சாய்க்கும் இடத்தில்!

வேலை என்று ஒன்று கொடுத்தார்களே, அதுவும் இல்லாமல் தெருவுக்கு வந்தவர்கள் எத்தனை பேர் என்று சமாதானம் சொல்லலாம். உண்மைதான். எந்த வேலையும் கேவலம் இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லையே! அந்தக் கூடத்துக்கு விளையாட வந்தவர்களில் எத்தனை பேர் சின்ன வயசில் அவரைப் பார்த்து அலறியவர்களோ! பக்கத்திலேயே நின்றிருந்தால்கூட அடையாளம் தெரிந்திருக்காது.

முகம் தெரியாத உழைப்புக்கு இதுதான் கதி. பூதத்துக்குப் பெயர் இருக்கிறது, கம்பெனிக்குப் பணம் இருக்கிறது, உள்ளே வெந்தவனுக்கு?

ரசிகர்கள் செய்த நியாயம்

இங்கேதான் ரசிகர்களைப் பாராட்டவேண்டும்.

அவர்கள் விடவில்லை. "உள்ளே இருந்தது யாருய்யா?" என்று கேட்டார்கள். தேடிக் கண்டுபிடித்தார்கள். 1990-களில் அவரை அமெரிக்காவுக்கு அழைத்து ரசிகர் மாநாடுகளில் மேடை ஏற்றினார்கள். நரைத்த தலையோடு வந்து நின்ற மனிதரைப் பார்த்துக் கைதட்டினார்கள். சின்ன வயசில் படம் பார்த்துப் பயந்தவர்கள், தங்கள் பிள்ளைகளோடு வந்து அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

40 வருஷம் கழித்து, சொந்த முகத்துக்குக் கிடைத்த கைதட்டல் அது!

அவரும் சளைக்கவில்லை. 80 வயசுக்கு மேலும் ஊர் ஊராகப் போனார். 2010-ல் தம் வாழ்க்கையைப் புத்தகமாகவே எழுதினார்.

அதனால்தான் 2017-ல் அவர் கண்ணை மூடியபோது ரசிகர்கள் அழுதது ஒரு பொம்மைக்காக அல்ல. பெயரும் முகமும் தெரிந்த மனிதருக்காக அழுதார்கள். 2018 ஆஸ்கார் விழாவில் மறைந்த கலைஞர்களுக்கு அஞ்சலி செலுத்தியபோது அவர் படமும் வந்தது. 2019-ல் ஹாலிவுட் எடுத்த காட்ஸில்லா படத்தை அவர் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்கள்.

செத்த பிறகு மாலை போடுவது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம். உயிரோடு இருக்கும்போதே போய்ப் பார்த்தார்களே, அதுதான் பெரிசு.

கம்ப்யூட்டர் வந்தாலும்

"இப்போதுதான் எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிறதே, இனி ஆள் எதற்கு?" என்று ஒரு கேள்வி வரும்.

2016-ல் வந்த ஜப்பானியக் காட்ஸில்லா கம்ப்யூட்டர் பூதம்தான். ஆனால் அது நடந்த நடை யாருடையது? மான்சாய் நோமுரா என்ற பாரம்பரிய நாடக நடிகருடையது! அவர் உடம்பில் கருவிகளை மாட்டி, அவர் அசைவைப் பதிவு செய்துதான் பூதத்துக்குக் கொடுத்தார்கள்.

2023-ல் வந்த காட்ஸில்லா படம், 2024-ல் தந்திரக் காட்சிகளுக்கான ஆஸ்கார் பரிசை வாங்கியது. அந்தக் காட்சிகளைச் செய்தவர்கள் வெறும் 35 பேர்! ராத்திரி பகலாக நாற்காலியில் உட்கார்ந்து முதுகு ஒடிந்தவர்களும் மனிதர்கள்தானே?

இன்னொரு பெயரையும் சொல்லவேண்டும். கென்பாச்சிரோ சத்சுமா. 1971, 1972-ல் நகாஜிமாவை எதிர்த்து மோதிய பூதங்களுக்குள் இருந்தவர். பிறகு 1984 முதல் 1995 வரை அவரே காட்ஸில்லா ஆனார். 2023 டிசம்பரில் அவரும் போய்விட்டார். அவருக்கும் ரசிகர்கள் அழுதார்கள்.

ரப்பர் போய்க் கம்ப்யூட்டர் வரும். அது போய் வேறு ஒன்று வரும். ஆனால் எந்தப் பூதமானாலும், உள்ளே ஒரு மனிதன் வியர்த்துக்கொண்டுதான் இருப்பான்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த மனிதனின் பெயரை, படிக்கிற எழுத்தில், படிக்கிற வேகத்தில் போடுங்கள். அடிபட்டால் வைத்தியத்துக்கும், வேஷம் கலைந்த பிறகு சாப்பாட்டுக்கும் வழி செய்யுங்கள். இது தர்மம் இல்லை, கூலி.

படம் பார்க்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: "முற்றும்" போட்டதும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். அடுத்த பஸ் வரும். பெயர்கள் மேலே ஓடுகிற அந்த இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருங்கள். ஒரே ஒரு பெயரையாவது படியுங்கள்.

உங்களை அழவைத்தவன் அந்தப் பெயராக இருக்கலாம்!