உடலும் நலமும்: இருபது நிமிஷப் பரீட்சை

சங்கத்து அன்பர் ஒருவர் நமக்கு ஒரு கேள்வி எழுதியனுப்பியிருக்கிறார். கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குச் சென்றிருந்தபோது, அவருடைய பெரியப்பா மகனை வயல் வரப்பில் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டதாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேஜைமீது நிறுத்தி, ஒருவரும் தொடக் கூடாதென்று சொல்லிவிட்டுக் கடியாரத்தைப் பார்த்தாராம். "உயிர் போகிற நேரத்தில் இதென்ன வேடிக்கை? மந்திரிப்பவரிடம் கொண்டுபோகலாம், வாருங்கள்" என்று உறவினர் சிலர் கூச்சலிட்டார்களாம். நல்லவேளையாக மூத்தவர் ஒருவர் தடுத்துவிட்டார், நோயாளியும் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அந்த 20 நிமிஷத்தில் டாக்டர் எதைப் பார்த்தார் என்பது அன்பருக்கு இன்னும் விளங்கவில்லை.

அரிவாள்மணையில் விரல் பட்டால் இரத்தம் கசிகிறது. சில நிமிஷங்களில் தானே நின்றுவிடுகிறது. நாமோ அப்பெருமையை மஞ்சள் பொடிக்குக் கொடுத்துவிடுகிறோம். உண்மையில் அறுபட்ட நாளம் முதலில் சுருங்குகிறது. அடுத்து, இரத்தத்தில் மிதக்கும் தட்டணுக்கள் காயத்தின் வாயில் வந்து ஒட்டிக்கொள்கின்றன. ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 1,50,000 முதல் 4,50,000 வரை உண்டு. எனினும் இவ்வடைப்பு புதுமண் வரப்பைப் போன்றது. நீர் வேகம் கூடினால் கரைந்து போகும். அதை நிலைநிறுத்த ஒரு வலை வேண்டும். பைப்ரினோஜன் என்னும் புரதம் இரத்தத்தில் எப்போதும் கரைந்தே இருக்கிறது. த்ராம்பின் என்னும் பொருள் அதன்மீது வேலை செய்ததும் அது பைப்ரின் நூல்களாக மாறி, அணுக்களை எல்லாம் பின்னிப் பிடித்துக்கொள்கிறது. இதுவே உறைதல்.

த்ராம்பின் தடையின்றி உலவுமானால் நாளங்களுக்குள்ளேயே இரத்தம் உறைந்து நம் கதை முடிந்துவிடும். ஆதலால் அது உறக்க நிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதை எழுப்ப ஒரு தொடர் உண்டு. ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்துச் செய்தி சொல்வதுபோல, உறைவுக் காரணிகள் ஒன்று மற்றொன்றை எழுப்புகின்றன. படிதோறும் வேலை பன்மடங்கு பெருகுகிறது. இவற்றுக்கு 1 முதல் 13 வரை எண்கள் இட்டிருக்கிறார்கள். அவற்றுள் 6 மட்டும் இல்லை. தனிப்பொருள் என்று எண்ணி அவ்வெண்ணைக் கொடுத்தவர்கள், அது 5-ஆம் காரணியின் மாறிய வடிவமே என்று பின்னர் கண்டு அழித்துவிட்டார்கள். பெரும்பாலான காரணிகள் கல்லீரலில் உண்டாகின்றன. பிறவியிலேயே 8-ஆம் காரணி குறைந்தாலும் 9-ஆம் காரணி குறைந்தாலும் ஹீமோபிலியா என்னும் நோய் வரும். வேண்டாத இடத்தில் உறைந்தாலோ மாரடைப்பும் பக்கவாதமும் நேரும். அவற்றைப் பிறிதோர் இதழில் கவனிப்போம்.

இனி விரியனுக்கு வருவோம். கண்ணாடி விரியன் விஷம் இத்தொடரின் நடுவிலே புகுந்து, 5-ஆம் 10-ஆம் காரணிகளை நேரே எழுப்பிவிடுகிறது. 1934-இல் இங்கிலாந்தில் மாக்பார்லேன், பார்னெட் என்ற இருவர் இவ்விஷத்தை மிகவும் நீர்க்கச் செய்து ஹீமோபிலியா நோயாளியின் காயத்தில் இட்டு இரத்தத்தை நிறுத்தினர். அந்த மாக்பார்லேனே 1964-இல், மேற்சொன்ன தொடரை ஒழுங்குபடுத்திக் காட்டியவர்களில் ஒருவர்.

அப்படியானால் கடிபட்டவனுக்கு இரத்தம் உறையாமற் போவானேன்? மேற்காயத்தில் ஒரு துளி என்பது வேறு. உடலெங்கும் பரவிய விஷம் என்பது வேறு. எங்கும் ஒரே சமயத்தில் சிறுசிறு உறைவுகள் உண்டாகின்றன; உடல் அவற்றைக் கரைத்துக்கொண்டே வருகிறது. சில மணி நேரத்துக்குள் பைப்ரினோஜனும் காரணிகளும் செலவழிந்து கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. பிறகு ஈறிலும் சிறுநீரிலும் இரத்தம் வருகிறது, சிறுநீரகமும் கெடுகிறது. அந்நிலையில் கடிவாயைக் கத்தியால் கீறினால் அவ்விரணத்திலிருந்து வரும் இரத்தத்தை யார் நிறுத்துவது? கீறுவதும், உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் ஒருபோதும் கூடா. மோதிரம், வளையல்களைக் கழற்றி, கடிபட்ட அங்கத்தை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்க விடாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதொன்றே உறவினர் கடமை.

டாக்டர் குழாயில் பார்த்தது இந்தக் கையிருப்பைத்தான். சுமார் 2 மில்லி இரத்தம், உலர்ந்த புதிய கண்ணாடிக் குழாய், அசையாமல் 20 நிமிஷம். கண்ணாடியின் மேற்பரப்பே உறைதலைத் தொடக்கிவைக்கும். பிளாஸ்டிக் குழாயிலும், சோப்புத்தூள் இட்டுக் கழுவிய குழாயிலும் இப்பரீட்சை பொய்க்கும். நேரம் முடிந்ததும் குழாயைச் சாய்ப்பார்கள். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீராக ஓடினால் விஷம் இரத்தத்தில் வேலை செய்கிறது, விஷமுறிவு மருந்து உடனே ஏறவேண்டும். காசுச் செலவற்ற இப்பரீட்சையை விடச் சிறந்தது சிற்றூர் ஆஸ்பத்திரிக்கு வேறில்லை என்பது நம் கருத்து. ஒன்று மறக்கலாகாது: நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குவன, அவற்றின் கடியில் இரத்தம் உறைந்தே நிற்கும். ஆதலால் உறைந்துவிட்டதென்று கேட்டதும் நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போய்விடக் கூடாது. விரியன் கடியிலுங்கூட, முதலில் உறைந்த இரத்தம் பின்னர் உறையாமற் போவதுண்டு.

நம் நாட்டு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து எடுப்பது. அவ்விஷத்தில் பெரும்பங்கு, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது.

மருந்து ஏறியவுடன் இரத்தம் உறைந்துவிடாது. அது விஷத்தைக் கட்டிப்போடும், அவ்வளவே. தீர்ந்த காரணிகளைக் கல்லீரல் மறுபடி செய்தாகவேண்டும். அதற்கு ஏறக்குறைய 6 மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் 6 மணி கழித்து டாக்டர் மீண்டும் ஒரு குழாயுடன் வருகிறார்.