தாயும் சேயும்: ஊசி போடும் பெண்ணை முகாமுக்கு அனுப்பலாமா?

முத்தியால்பேட்டை வாசகி ஒருவர் நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பதினோரு வயதுப் பெண்ணுக்கு டைப் 1 சர்க்கரை நோய். மூன்று வருஷமாகத் தினம் நாலு வேளை இன்சுலின் ஊசி. மே மாத லீவில், இதே நோயுள்ள குழந்தைகளை மூன்று நாள் முகாமுக்கு அழைத்துப் போகிறார்களாம். பெண் குதிக்கிறாள், தாய்க்குத்தான் தூக்கமில்லை.

"மணிக்கூண்டு கடைக்குக்கூட தனியா அனுப்பினதில்லை அக்கா. ராத்திரி சர்க்கரை இறங்கிட்டா யார் பாப்பாங்க? நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகுமா?"

முதல் கேள்வி நியாயமானது, அதற்கு வருகிறேன். இரண்டாவதும் தாய்மனசின் பயம்தான். ஆனால் அதற்காக நோயை மூடி மறைப்பது ஆபத்து, சகோதரி. பக்கத்து பெஞ்சுத் தோழிக்கே தெரியாவிட்டால், வகுப்பில் அவள் வியர்த்து நடுங்கும்போது சர்க்கரை கொடுப்பது யார்? மிட்டாய் தின்றதால் வந்த நோயும் இல்லை இது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. அம்மா மேலே குற்றம் சொல்லும் பாட்டிமார்கள் இதைத் தெரிந்துகொண்டால் தேவலை.

டொராண்டோவில் 14 வயதுப் பையன் லெனார்ட் தாம்ஸனுக்கு 1922 ஜனவரியில் முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதுவரை இந்த நோய் வந்த பிள்ளை பிழைப்பதே அபூர்வம். மூன்றே வருஷத்தில், 1925ல், அமெரிக்காவில் மிச்சிகனில் டாக்டர் லெனார்ட் வென்ட் இப்படிப்பட்ட குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்திவிட்டார்! பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கிற புதுச்சேரிக் குடும்பங்களுக்கு 'கொலோனி த வகான்ஸ்' என்றால் புரியும். லீவில் பிள்ளைகளைக் கூட்டமாக அழைத்துப் போகும் வழக்கம். சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளுக்கு அங்கே டாக்டர் ஆன்ரி லெஸ்திராதே 1956ல் சங்கமே தொடங்கினார். புற்றுநோய், ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்காக நடிகர் பால் நியூமன் 1988ல் அமெரிக்காவில் திறந்த முகாமில் ஒரு காசு வாங்குவதில்லை.

அப்படி என்ன நடக்கிறது அங்கே? சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் விரலைக் குத்திப் பார்க்கிறார்கள், எல்லாரும் ஊசி போடுகிறார்கள். 'நான் மட்டும்தான் இப்படி' என்ற ஏக்கம் அந்தப் பந்தியிலேயே பாதி கரைந்துவிடும். தன்னைவிடச் சின்னவள் தானே வயிற்றில் ஊசி போடுவதைப் பார்த்த பிள்ளை, வீட்டுக்கு வந்து "குடும்மா, நானே போட்டுக்கிறேன்" என்று கேட்கும். நாம் ஆறு மாசம் கெஞ்சினாலும் நடக்காத காரியம்!

இனி ராத்திரிப் பயம். நாளெல்லாம் ஓடியாடினால் சர்க்கரை அப்போது மட்டுமல்ல, நடுராத்திரியிலும் இறங்கலாம். அதனால் முகாம் நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் டாக்டரிடம் முன்னதாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம். நடத்துகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: ராத்திரி டாக்டரோ நர்ஸோ தங்குவார்களா? தூங்கும் பிள்ளையை எழுப்பி சர்க்கரை பார்ப்பார்களா? குளுக்ககான் ஊசி கையில் இருக்கிறதா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? மழுப்பினால் அனுப்பாதீர்கள். சோலை நகர் கடலில் குளிக்க விடுவோம் என்றால், இறங்குமுன் சர்க்கரை பார்ப்பதும், பக்கத்தில் பெரியவர் நிற்பதும் கட்டாயம்.

சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் செய்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு தடவை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, குளுக்ககான் போட்டு, உடனே ஆஸ்பத்திரி.

மே மாத வெயிலில் இன்சுலினை பஸ்ஸில் மேலே வைக்கும் பெட்டியில் போட்டுவிடாதீர்கள், மடிப் பையில் இருக்கட்டும். ஐஸ் நேராகப் படவும் கூடாது, உறைந்துபோன மருந்து குப்பைக்குத்தான். முகாமில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் நம் பானைக்குள் பானைதான்: இரண்டு மண்பானைக்கும் நடுவே ஈர மணல், உள்ளே தண்ணீர் புகாத டப்பாவில் மருந்து, நிழலில் காற்றோட்டமாக.

முகாமுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றிலிருந்து ஒரு வேளை ஊசியையாவது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அவளே போட்டுக்கொள்ளட்டும். மணிக்கூண்டு கடைக்கும் ஒரு நாள் தனியே போய் வரட்டும், பையில் குளுக்கோஸ் பொட்டலத்தோடு. திரும்பி வந்ததும் எனக்கு அவளையே எழுதச் சொல்லுங்கள்.