பைக் ரேஸ்: பைன் கட்டினால் எல்லாம் முடிந்ததா? போலீசார் எழுதும் செக்‌ஷனில்தான் இருக்கு சூட்சுமம்

திருப்பூர்,

பனியன் கம்பெனிகளில் நைட் ஷிப்ட் முடிந்து தொழிலாளர்கள் சைக்கிளிலும் நடந்தும் வீடு திரும்பும் அதே ரோட்டில்தான், காலியாக இருக்கிறதே என்று சில வாலிபர்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு பறக்கிறார்கள். அவினாசி ரோடு, பல்லடம் ரோடு, பி.என்.ரோடு என எங்கே போனாலும் இதே புலம்பல்தான். பிடிபட்டால் என்ன ஆகும் என்று கேட்டால், "பைனைக் கட்டிட்டு வந்துடலாம்ணே" என்கிறார்கள். இந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது? சட்டத்தில் தண்டனை இல்லாமல் இல்லை. போலீசார் எந்த செக்‌ஷனை எழுதுகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கு.

2 செக்‌ஷன், 2 பாதை

மோட்டார் வாகன சட்டம் 189-வது பிரிவு ரேஸ் பற்றியது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கு 3 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.5 ஆயிரம் வரை அபராதம். மறுபடி மாட்டினால் ஒரு வருடம் அல்லது ரூ.10 ஆயிரம். ஆனால் இது ஸ்பாட் பைன் கட்டி முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம். பணத்தைக் கட்டினால் கோர்ட்டு வாசலை மிதிக்க வேண்டியதில்லை.

184-வது பிரிவு ஆபத்தாக ஓட்டுவது. இதில் செல்போன் பேசியபடி ஓட்டுவதற்கு மட்டுமே ஸ்பாட் பைன். மற்றபடி கோர்ட்டுக்குப் போயே ஆகணும். 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில் அல்லது ரூ.1,000 முதல் ரூ.5 ஆயிரம் வரை அபராதம். ஒரே பைக், ஒரே ரோடு. செக்‌ஷன் மாறினால் முடிவும் மாறிப்போகுது.

மோட்டார் வாகன சட்டத்தில் வழக்குப் போட்டாலும் அப்போதைய இந்திய தண்டனை சட்டத்திலும் வழக்குப் போடலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, கை கட்டப்படவில்லை.

ஒரேடியாக பெரிய செக்‌ஷன் போட்டால்?

கோவையைச் சேர்ந்த யூடியூபர் டி.டி.எப்.வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பைக் சாகசத்தின்போது விழுந்து காயம் அடைந்தார். ஜாமீனில் எளிதில் வர முடியாத பிரிவில் கைது ஆனார். 40 நாட்களுக்கு மேல் ஜெயிலில் இருந்த பிறகே ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. லைசென்சும் 10 வருடத்துக்கு ரத்து. ஆனால் 2024 மே மாதம், செல்போன் பேசிக்கொண்டே கார் ஓட்டியதாக மதுரையில் அவர் மறுபடியும் கைதாகி, ஜாமீனில் வந்தார்.

பிரபலம் என்றால் பெரிய செக்‌ஷன், ஊர் பேர் தெரியாத பையன் என்றால் ஸ்பாட் பைன். இப்படி இரண்டு அளவுகோல் இருந்தால் யாருக்கும் பயம் வராது. "நம்மையெல்லாம் யார் கண்டுக்கப் போறா" என்ற நினைப்புதான் வரும். 2022-ல் சென்னையில் பிடிபட்ட வாலிபர்களை, ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவில் வேலை பார்க்கச் சொல்லி ஐகோர்ட்டு ஜாமீன் கொடுத்தது. அடிபட்டுக் கிடப்பவர்களைக் கண்ணால் பார்க்க வைத்த அந்த வழி யோசிக்க வேண்டியது.

லைசென்சில் கை வையுங்கள்

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கு. ரேசுக்கு பைன் கட்டினாலும் அது முதல் குற்றமாகக் கணக்கில் ஏறும். அதோடு, போலீசார் லைசென்சை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு நடவடிக்கைக்கு அனுப்பலாம். பைன் கட்டிய ரசீது லைசென்சைக் காப்பாற்றாது. ஓட்டியது 18 வயது ஆகாத பையன் என்றால் பெற்றோருக்கு 3 வருடம் வரை ஜெயில், ரூ.25 ஆயிரம் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்சும் கிடையாது.

இவ்வளவும் சட்டப் புத்தகத்தில் இருக்கு. பெரிய செக்‌ஷன் ஒருத்தர் மேல் பாய்வதை விட, சின்ன செக்‌ஷன் எல்லார் மேலும் தவறாமல் பாய்வதுதான் பலன் தரும். மாநகரில் கமிஷனர், புறநகரில் எஸ்.பி., அவர்களோடு ஆர்.டி.ஓ. என மூன்று பேரும் சேர்ந்து, பிடிபட்ட ஒவ்வொரு லைசென்சும் என்ன ஆனது என்று மாதாமாதம் வெளியிட்டால் போதும். "பைனைக் கட்டிட்டு வந்துடலாம்" என்ற பேச்சு தானாக அடங்கும்.