யார் செய்த பல்?

பல் போனால் சொல் போச்சு என்பது நம் பாட்டிமார் வாக்கு. இந்நாளில் பல் போனாலும் சொல் போவதில்லை. வரிசை முழுவதையும் கட்டிக்கொண்டு, முன்னைவிட உரக்கப் பேசும் பெரியவர்கள் நம்மிடையே அநேகர் உண்டு. கட்டிவிட்ட வைத்தியர் யார் என்று கேட்டால் உடனே பெயரைச் சொல்வார்கள். அவர் வாங்கிய பீஸையும் ஒரு பெருமூச்சுடன் சேர்த்துச் சொல்வார்கள். ஆனால், அந்தப் பல்லைச் செய்தவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி? வைத்தியர்தான்!" என்பார்கள்.

பெரும்பாலும் அப்படியில்லை. வைத்தியர் அச்சு எடுத்துக்கொள்கிறார். அச்சு, பல் செய்யும் தொழிற்கூடத்துக்குப் போகிறது. அங்கே ஒருவர் அதில் சாந்து ஊற்றி நம் ஈறின் வடிவத்தை எடுக்கிறார்; மெழுகில் பல்லைச் செதுக்குகிறார்; உலோகத்தை உருக்கி வார்க்கிறார்; அதன்மேல் பீங்கான் பூசிச் சூளையில் சுடுகிறார். கம்ப்யூட்டரே கடைந்தெடுக்கும் கூடங்களும் இப்போது வந்துவிட்டன. நம் முகத்தை ஒரு நாளும் பார்த்திராத அந்த மனிதருடைய கைவேலையை வருஷக் கணக்கில் வாயில் வைத்துக்கொண்டிருக்கிறோம். காப்பிக்கொட்டையை எந்தக் கடையில் வறுத்தார்கள் என்று துருவித் துருவி விசாரிக்கும் நாம், இதை மட்டும் விசாரிப்பதில்லை!

சட்டம் இந்தத் தொழிலாளியை அடியோடு மறந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. 1920-ல் கல்கத்தாவில் பல் வைத்தியக் கல்லூரியைத் தொடங்கியவர் டாக்டர் ரபியுத்தீன் அகமது. அவர் போன்றோரின் முயற்சியால் 1939-ல் வங்காளத்தில் பல் வைத்தியர் சட்டம் ஒன்று பிறந்தது. பிறகு 1948 மார்ச்சு மாதத்தில் இந்தியாவுக்குப் பொதுவான சட்டம் வந்தது. தேசம் பிளவுபட்டு, மகாத்மாவையும் இழந்து இரண்டு மாதம் நிறையாத சமயம் அது! அத்தனை துயரத்துக்கிடையிலும் ஜனங்களின் பல்லைப் பற்றி யோசிக்க நம் தலைவர்களுக்கு மனமிருந்தது என்பதை நினைத்தால் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. அந்தச் சட்டம் வைத்தியரை மட்டுமின்றி, பல்லைச் சுத்தம் செய்வோரையும், பல் கட்டும் சாதனங்களைச் செய்யும் 'டெண்டல் மெக்கானிக்'கையும் பதிவேட்டில் ஏற்றியது. பதிவில்லாதவர் அத்தொழிலைச் செய்யலாகாது என்றும் விதித்தது.

குறை எங்கே என்றால், அது ஆளைப் பதிந்தது, கூடத்தைப் பதியவில்லை. எந்த அறையில் வேலை நடக்கிறது, புகையும் தூசியும் போக வழியுண்டா, வார்க்கும் உலோகம் எது, எங்கிருந்து வந்தது என்பதையெல்லாம் கேட்கும் பொறுப்பு யாருக்கும் தெளிவாக ஏற்படவில்லை. 2017-ல் சர்க்கார் வெளியிட்ட மருத்துவச் சாதன விதிகளும், வைத்தியர் சீட்டின்படி ஒரே நோயாளிக்கென்று செய்யப்படும் சாதனத்துக்கு லைசென்ஸிலிருந்து விலக்கு அளித்தன.

கூடத்தைக் கவனிப்பானேன் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் அநுபவம் பதில் சொல்லும். அங்கே புளோரிடா, டெக்ஸஸ் போன்ற சில ராஜ்யங்கள் தொழிற்கூடங்களைப் பதிவு செய்கின்றன. பெரும்பாலான ராஜ்யங்களில் அந்தக் கட்டாயமே கிடையாது. 2008-ல் ஓஹையோ ராஜ்யத்து மூதாட்டி ஒருவருக்குப் பொருத்திய பல்லில் ஈயம் கலந்திருந்ததாகவும், அது சீனாவிலிருந்து செய்து வந்ததென்றும் செய்தி வெளியாகிப் பெரும் பரபரப்பு உண்டாயிற்று. பல் கடல் கடந்து வந்த சங்கதி அதுவரை அந்த அம்மாளுக்குத் தெரியாது.

இதைவிட நம்மை வருத்துவது வேறொன்று. வார்த்த உலோகத்தை மணல் வீசியும் அரைத்தும் மெருகிடும்போது கிளம்பும் மணற்கல் தூசி நுரையீரலில் படிந்து, மூச்சையே குறுக்கிவிடும் சிலிகோசிஸ் என்ற நோயைத் தருகிறது. 1994 முதல் 2000 வரையில் அமெரிக்காவின் ஐந்து ராஜ்யங்களில் பல் செய்யும் தொழிலாளர் ஒன்பது பேருக்கு இந்நோய் ஊர்ஜிதமாயிற்று. சில உலோகக் கலவைகளில் சேர்க்கும் பெரிலியம் என்னும் பொருளின் தூசியும் நுரையீரலுக்குப் பகை. அவ்வளவு செல்வமுள்ள நாட்டிலேயே இப்படியென்றால், சந்து முனையில் ஜன்னலற்ற ஒற்றை அறையில் நடக்கும் பட்டறையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை. நமது சிரிப்புக்காக ஒருவன் தன் மூச்சைக் கொடுப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

லைசென்ஸ் என்றாலே நம்மவர்களுக்குக் கசக்கிறது. இன்னுமோர் இன்ஸ்பெக்டர், இன்னுமோர் மாமூல் என்றுதான் தோன்றுகிறது. அந்தப் பயம் வீண்பயமுமல்ல. கைத்தேர்ச்சியைத் தவிர வேறு முதலில்லாத சிறு தொழிலாளி பாரங்களை நிரப்பியே களைத்துப் போகக்கூடாது. ஆகவே, பெரிய இலாகா எதுவும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கூடத்தின் காற்றை வருஷத்துக்கொரு முறை ஒருவர் வந்து பார்க்கட்டும். செய்த கூடம் எது, சேர்த்த பொருள் எது என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு பல்லோடு கூடவே வரட்டும். இங்கிலாந்தில் 2008 முதல் பல் தொழிலாளர் பதிவு செய்துகொள்வது கட்டாயமாயிற்று. செய்தவரின் சாட்சிப் பத்திரத்தைக் கேட்டு வாங்க அங்கே நோயாளிக்கு வழியுண்டு. 1948 சட்டத்துக்குப் பதிலாக நம் பார்லிமெண்டு 2023-ல் தேசீயப் பல் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருப்பதால், விதி எழுதுவோர் இதைக் கவனிக்க இதுவே தருணம்.

விதி வரும் வரையில் நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கவரிங் நகை போட்டால் காது தடித்துப் போகும் பெண்கள் நம் வீடுகளில் உண்டல்லவா? பெரும்பாலும் அது நிக்கல் செய்யும் வேலை; மலிவான 'கேப்'புகளிலும் அந்த நிக்கல் சேர்வதுண்டு. வளையல் வாங்கும்போது தங்கம் என்ன மாற்று என்று ரசீதில் எழுதி வாங்குகிறோம். பல் கட்டும்போதும் இதென்ன உலோகம், எந்தக் கூடத்தில் செய்தது என்று வைத்தியரிடம் எழுதி வாங்கி, அந்த ரசீதோடு பெட்டியில் வைக்கலாம். பின்னால் வேறொரு வைத்தியர் அந்தக் 'கேப்'பைக் கழற்ற நேர்ந்தால், அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.