பாராட்டு ஃப்ரீ சைஸ் அல்ல!

மேனேஜர் ஆனதும் ஒரு மனிதருக்கு இரண்டு ஆசைகள் வந்துவிடுகின்றன. ஒன்று, நாற்காலியின் முதுகில் டர்க்கி டவல். இரண்டு, ஊழியர்களை ‘மோட்டிவேட்’ பண்ணுவது. டவலால் யாருக்கும் ஆபத்தில்லை.

பி.காம். படித்த காலத்தில் ஹெர்ஸ்பெர்க் என்று ஒருவரை மனப்பாடம் செய்திருக்கிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் சுமார் 200 இன்ஜினீயர்களையும் கணக்கர்களையும் பிடித்து, “வேலையில் எப்போது ரொம்ப சந்தோஷமா இருந்தீங்க? எப்போது வெறுத்துப் போச்சு?” என்று கேட்டவர். 1959-இல் புத்தகமாக வந்தது. சம்பளம், ஃபேன், நாற்காலி எல்லாம் சரியில்லாவிட்டால் ஆசாமி முணுமுணுப்பான்; சரியாக இருந்தால் முணுமுணுக்க மாட்டான், அவ்வளவுதான். உற்சாகம் வருவது வேலையைச் சாதித்தபோதும், அதை நாலு பேர் மதித்தபோதும் என்றார்.

சரி, மதித்துவிடலாம். எப்படி மதிப்பது? அங்கேதான் சிக்கல்.

ஈரோட்டில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரக் கம்பெனி. மேனேஜர் என் நண்பர். அங்கே இரண்டு குமாஸ்தாக்கள். ஒருவரை மௌனசாமி என்றும், இன்னொருவரை மைக்செட் என்றும் வைத்துக்கொள்வோம். மௌனசாமிக்கு 17 வருட சர்வீஸ். எந்த பேல் எந்த கோடவுனில் இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும்.

ஆண்டு விழாவில் நண்பர் அவரைத் திடீரென்று மேடைக்கு அழைத்தார். ‘சிறந்த ஊழியர்’ என்று பொன்னாடை போர்த்தினார். அதோடு விட்டிருக்கலாம். “நாலு வார்த்தை பேசுங்க!” என்று மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார். மனுஷர் வியர்த்து வழிய நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார். கடைசியில் “நன்றி” என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு.

திங்கட்கிழமை லீவ் லெட்டர் வந்தது. அடுத்த வாரம், பெண்ணின் காலேஜ் ஃபீஸ் தலைக்கு மேல் நிற்கும்போதே, அவர் வேறு கம்பெனியில் வேலை விசாரிப்பதாகச் செய்தி வந்தது. “பொன்னாடை போர்த்தினதுக்கு எனக்குக் கிடைச்ச பரிசைப் பாருப்பா!” என்று நண்பர் என்னிடம் புலம்பினார்.

மைக்செட்டுக்கோ வேறு வருத்தம். வசூலில் கலக்கியதற்காக அவருக்குத் தனியாக ஒரு பாராட்டுக் கடிதம், கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். “யாருக்கும் தெரியாம பாராட்டினா அது பாராட்டா ஸார்?” என்றாராம்.

விஷயத்தை உடைத்தவர் கேஷியர் அம்மாள். “அவருக்கு மேடை எதுக்கு ஸார்? தேங்கின சரக்கு பத்தி அவர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் உங்க டிராயர்லதானே இருக்கு. படிச்சீங்களா?”

நண்பர் அன்றிரவே படித்தார். மறுநாள் மௌனசாமியின் மேஜைக்கே போய், மூன்றாம் பக்கத்தில் இரண்டு சந்தேகம் கேட்டார். மௌனசாமி நாற்பது நிமிஷம் பேசினார்! இன்றும் அதே கம்பெனியில்தான் இருக்கிறார்.

‘அப்படியானால் ஆளுக்கு ஒரு டெஸ்ட் வைத்துவிடலாமே’ என்பீர்கள். இருக்கிறது. உள்முகம், வெளிமுகம் என்று யுங் 1921-இல் எழுதினார். அதை வைத்து காதரின் பிரிக்ஸ் என்ற அம்மாவும், இஸபெல் மையர்ஸ் என்ற மகளும் மனிதர்களை 16 வகையாகப் பிரித்தார்கள். பல ஆபீஸ்களில் இன்றும் பிரபலம். ஒரு சின்ன சிரமம்: சில வாரம் கழித்து அதே டெஸ்ட்டை எழுதினால் பலருக்கு வகை மாறிவிடுகிறது. ஜாதகத்தில்கூட இந்த வசதி கிடையாது! ஆள் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று டெஸ்ட்டை விற்பவர்களே சொல்கிறார்கள். கூச்சமும் கலகலப்பும் உப்பு, புளி மாதிரி. எல்லோரிடமும் இருக்கும், அளவுதான் வேறு. முத்திரை குத்தி டப்பாவில் போட முடியாது.

டெஸ்ட்டைவிட ஒரு கேள்வி மலிவு: “இந்த வருஷம் எந்த வேலையை முடிச்சப்போ உங்களுக்குத் திருப்தியா இருந்தது? அப்போ யார், என்ன செஞ்சாங்க?” பதிலில் அவருக்கு என்ன வேண்டும் என்பது வந்துவிடும். மீட்டிங்கில் பேசப்போவதை முதல்நாள் சாயங்காலமே ஒரு காகிதத்தில் கொடுத்துவிடுங்கள். பேசாதவர் எழுதிக்கொண்டு வருவார். பேசுபவரை முதலில் பேசவிட்டு, பிறகு அதையே ஒரு பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். பாதி குறைந்துவிடும்.

வள்ளுவர் ஆளைத் தெரிந்து தேர்ந்தெடுக்க 51-ஆம் அதிகாரம் எழுதினார். தெரிந்து வேலை கொடுக்க அடுத்ததாகவே 52 எழுதினார். இரண்டிலும் ‘தெரிந்து’ இருக்கிறது.

பொன்னாடைக்கு அதிகாரம் இல்லை!