வளர்ற பிள்ளைக்கு வாங்குற கிட்டார்

"வளர்ற பிள்ளைதானே, கொஞ்சம் பெருசாவே எடுத்துடலாம்." பள்ளிக்கூட யூனிஃபார்ம், செருப்பு, சைக்கிள், தீபாவளிப் பாவாடை எல்லாத்துக்கும் நம்ம வீடுகள்ல சொல்ற வாசகம் இது. துணிக்கு அது சரிதான். ரெண்டு அங்குலம் மடிச்சுத் தைச்சுட்டா அடுத்த வருசம் பிரிச்சு விட்டுக்கலாம். கிட்டாரை மடிச்சுத் தைக்க முடியாது. ஆனாலும் அதே வாசகத்தைச் சொல்லித்தான் ஒன்பது வயசுப் பிள்ளை மடியில பெரிய ஆளுக்கான கிட்டாரைத் தூக்கி வைக்கிறோம். நாலு மாசத்துல அது பீரோ மேல ஏறிடும். பிள்ளைக்கு ஒரு பட்டமும் கிடைச்சுடும்: "இவளுக்கு எதுலயும் பொறுமை இல்ல."

மஞ்சளும் வாழையும் போடறவன் எதுக்குக் கிட்டாரைப் பத்தி எழுதறான்னு கேட்பீங்க. தாய்மாமன்ங்கிறதால எழுதறேன். கோயமுத்தூர்ல இருக்கிற என் தங்கச்சி மகளுக்கு நடந்தது இதேதான். கம்பி போட்ட, முழு அளவு அக்குஸ்டிக் கிட்டார். மாப்பிள்ளை நல்ல மனசோட, நல்ல விலை கொடுத்து வாங்கினது. அம்மிணி அதை மடியில வச்சா கிட்டாருக்குப் பின்னால நெத்தி மட்டும்தான் தெரியும். வலது கை அந்தப் பெரிய பெட்டி மேல ஏறணும்னா தோளைக் காது வரைக்கும் தூக்கணும். இடது கை முதல் ஃப்ரெட்டைத் தொடணும்னா முழங்கையை நீட்டி விறைக்கணும். இந்தக் கோலத்துல அரைமணி நேரம் உட்கார்ந்தா எனக்கே முதுகு பிடிச்சுக்கும். வகுப்புல சொன்னது, "ஆர்வம் பத்தல". ஆனா அதே பிள்ளை முழுப்பரீட்சை லீவுக்குத் தோட்டத்துக்கு வந்தப்ப, போன்ல எலக்ட்ரிக் கிட்டார் வீடியோவைப் போட்டுட்டுத் தென்னை மட்டையைக் கையில பிடிச்சு மணிக்கணக்கா ஆடிட்டு இருந்தா. ஆர்வம் பத்தாத பிள்ளை மாதிரி எனக்குத் தெரியல.

எங்க ஊர்ல மம்பட்டிக்குப் பிடி போடற ஆசாரி முதல்ல கேக்கறது, "யாருக்கு?"ன்னுதான். குட்டையான ஆளுக்கும் நெட்டையான ஆளுக்கும் ஒரே பிடியைப் போட்டுக் கொடுத்தா சாயங்காலத்துக்குள்ள ஒருத்தருக்கு இடுப்பு போயிடும். கிட்டார் கடையில அந்தக் கேள்வியைக் கேட்டவங்களை நான் பார்க்கல. "பட்ஜெட் என்ன சார்?"னுதான் ஆரம்பிச்சாங்க.

நான் தனியாப் போகல. மெல்லிசைக் குழுவுல இருபத்தஞ்சு வருசமா கிட்டார் வாசிக்கிற நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். அவர் வாசிச்சுப் பார்க்கட்டும்னு விட்டுட்டு நான் டேப்பை எடுத்து அளக்க ஆரம்பிச்சேன். கடைப்பையன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். வரப்புத் தகராறுல பழகின கை, டேப் இல்லாம நம்பாது.

கிட்டார்ல முக்கியமான அளவு, கம்பி அதிர்ற நீளம். ஸ்கேல்னு சொல்றாங்க. மேலே கம்பி தாங்குற நட்டுல இருந்து கீழே பிரிட்ஜ் வரைக்கும் உள்ள தூரம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில இது 25.5 அங்குலம். லெஸ் பால் வகையில சுமாரா 24.75. மஸ்டாங் மாதிரி கொஞ்சம் குட்டையானதுல 24. பிள்ளைகளை மனசுல வச்சுச் செய்யற ஸ்குவையர் மினி ஸ்ட்ராட் 22.75, ஐபனெஸ் மைக்ரோ 22.2. மூணு அங்குலத்துல என்ன வந்துடப் போகுதுன்னு தோணும். வருது. பெரிய கிட்டார்ல மேல்முனையில இருந்து நாலாவது ஃப்ரெட் வரைக்கும் 13.4 சென்டிமீட்டர். 22.2 அங்குலக் கிட்டார்ல அதே தூரம் 11.6. வித்தியாசம் கிட்டத்தட்ட ஒரு விரல் அகலம். அம்மிணியோட சாண் ஆறே கால் அங்குலம்தான், என்னோடது ஒன்பது. அவ கைக்கு அந்த ஒரு விரல் அகலம்தான் எட்டுறதுக்கும் எட்டாததுக்கும் நடுவுல இருக்கு.

இன்னொண்ணும் நடக்குது. ஒரே கம்பியை ஒரே சுருதியில கட்டினா, நீளம் குறையக் குறைய இழுவிசையும் குறையும். 25.5-ல இருந்து 22.2-க்கு வந்தா கிட்டத்தட்ட கால் பங்கு இழுப்பு குறைஞ்சுடும். விரல் அழுத்த வேண்டியதும் அந்த அளவுக்குக் குறையும். ரொம்ப மெல்லிசான கம்பியைப் போட்டா இந்தக் குட்டைக் கிட்டார்ல தொளதொளன்னு ஆகிச் சுருதி நிக்காது. அதனால 9-க்குப் பதிலா 10 நம்பர் கம்பி போடச் சொன்னார் நண்பர். அப்படிப் போட்டும்கூட, அக்குஸ்டிக்ல வழக்கமா வர்ற 12 நம்பர் கம்பிக்கு முன்னால அது பூ மாதிரிதான்.

இங்கேதான் எனக்குப் பெரிய சண்டை. "முதல்ல அக்குஸ்டிக்ல கத்துக்கணும், விரல்ல காய்ப்புக் காய்க்கணும், அப்புறம்தான் எலக்ட்ரிக்"னு ஒரு சட்டம் ஊர் முழுக்க ஓடுது. யார் போட்ட சட்டமோ தெரியல. கைக்காய்ப்பைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். புதுசா வேலைக்கு வர்ற பையன்கிட்ட முதல் நாளே பகல் முழுக்க மம்பட்டியைக் கொடுத்தா அவனுக்குக் காய்ப்புக் காய்க்காது, கொப்புளம்தான் வரும். மறுநாள் ஆள் வரமாட்டான். தினம் அரைமணி ஒருமணின்னு வெட்டவிட்டா ரெண்டு வாரத்துல தோல் தானா தடிச்சுக்கும். எலக்ட்ரிக் கிட்டார் வாசிச்சாலும் விரல்ல காய்ப்பு வரத்தான் செய்யும், கொப்புளம் வராம வரும். காளைக்கன்னை வண்டிக்குப் பழக்கறப்ப முதல் நாளே கரும்பு லோடு ஏத்தற ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

நைலான் கம்பி போட்ட சின்ன கிளாசிக்கல் கிட்டாரும் பிள்ளைகளுக்குக் கிடைக்குது. விரலுக்கு மெத்துன்னு இருக்கும், அந்தச் சங்கீதம் பிடிச்ச பிள்ளைக்கு அது ரொம்ப நல்லது. ஆனா கழுத்து அகலம். எல்லாத்துக்கும் மேல, அம்மிணி கேட்ட சத்தம் அது இல்ல. பிள்ளை கேட்ட சத்தத்தை விட்டுட்டு நமக்கு கௌரவமாத் தெரியற சத்தத்தை வாங்கிக் கொடுத்துட்டு, அப்புறம் அது வாசிக்கலன்னா யார் மேல குத்தம்?

எங்க அம்மாவுக்கு வேற மாதிரி சந்தேகம். எலக்ட்ரிக்னா வெறும் கத்தல்தானேன்னு. நான் மாண்டலின் ஸ்ரீநிவாஸைச் சொன்னேன். ஆந்திராவுல பாலகொல்லுல 1969-ல பிறந்தவர். சின்னப் பையனா இருக்கும்போதே கர்நாடக சங்கீத மேடையில உட்கார்ந்து எல்லாரையும் வாயடைக்க வச்சவர். அவர் வாசிச்சது எலக்ட்ரிக் மாண்டலின். சாதாரண மாண்டலின்ல நாதம் டக்குனு அறுந்துடும், கமகத்துக்குத் தாங்காது. அதோட ஜோடி ஜோடியா எட்டுக் கம்பி. அவர் ஒத்தைக் கம்பியா, அஞ்சா மாத்திக்கிட்டார். தன் சங்கீதத்துக்கும் கைக்கும் ஒத்து வர்ற மாதிரி வாத்தியத்தை மாத்தினதை யாரும் குறுக்குவழின்னு சொல்லல. அம்மா ஸ்ரீநிவாஸ் கேசட்டை எல்லாம் கேட்டவங்க. அதுக்கு மேல பேசல.

எலக்ட்ரிக் கிட்டாரோட வரலாறே சௌகரியத்தைத் தேடிப் போன வரலாறுதான். ஃபெண்டர் கிட்டார்களைக் கொண்டு வந்த லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதனாலயோ என்னவோ வாசிக்கறவங்க சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். டெலிகாஸ்டரோட விளிம்பு விலா எலும்புல குத்துதுன்னு வாசிக்கறவங்க புலம்பினாங்க. 1954-ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்ல வயிறு படற இடத்தையும் முன்கை படற இடத்தையும் வழிச்சுச் செதுக்கிட்டாங்க. 1956-லயே மாணவர்களுக்குன்னு டுவோ சோனிக், மியூசிக்மாஸ்டர்னு 22.5 அங்குலத்துல ரெண்டு கிட்டார் விட்டாங்க. சின்னக் கைக்குச் சின்னக் கிட்டார்ங்கிறது அப்பவே தீர்ந்த விஷயம். நாம இன்னும் யூனிஃபார்ம் கணக்கு போட்டுட்டு இருக்கோம்.

எடையையும் பாருங்க. லெஸ் பால் வகைக் கிட்டார் நாலு கிலோவைத் தாண்டறது சாதாரணம். பள்ளிக்கூடப் பை பிள்ளையோட எடையில பத்துல ஒரு பங்குக்கு மேல போகக் கூடாதுன்னு 2020-ல மத்திய அரசே கொள்கை வெளியிட்டிருக்கு. முப்பது கிலோ இருக்கிற பிள்ளைக்கு மூணு கிலோ. பை ரெண்டு தோள்லயும் தொங்கும். கிட்டார் ஒத்தைத் தோள்ல தொங்கும். என் நண்பருக்கு இப்ப இடது தோளைத் தூக்கினா வலி. குட்டைக் கிட்டார்கள் மூணு கிலோவுக்குக் கீழேயே கிடைக்குது. வாங்கும்போதே அகலமான ஸ்ட்ராப்பா வாங்கிடுங்க, மெல்லிசு தோளை அறுக்கும்.

கடையில பிள்ளையை நேர்ல உட்கார வச்சுப் பார்க்காம வாங்காதீங்க. ஆன்லைன்ல நட்சத்திரத்தை எண்ணி வாங்கற சமாச்சாரம் இல்ல இது. கைப்பிடி இல்லாத நாற்காலியில உட்கார வச்சு, கிட்டாரை மடியில கொடுத்து, ஒண்ணும் சொல்லாம ரெண்டு நிமிசம் பாருங்க. வலது தோள் தானா கீழே இருக்கா? முதல் ஃப்ரெட்டைத் தொடறப்ப இடது முழங்கை மடங்கி இருக்கா? மணிக்கட்டு ஒடிஞ்ச மாதிரி வளையுதா? அப்புறம் இடது கையை எடுக்கச் சொல்லுங்க. கிட்டாரோட தலை பொத்துன்னு கீழே சாஞ்சா, வாசிக்கும்போதெல்லாம் அந்தக் கை தாங்கிப் பிடிக்கற வேலையையும் சேர்த்துச் செய்யணும். அது வேண்டாம். வி எழுத்து மாதிரி கூரா இருக்கிறதைப் பிள்ளைகள் கண்டிப்பாக் கேக்கும். மடியில நிக்காது, வழுக்கிட்டே இருக்கும். இதுல மட்டும் பிள்ளை சொல்லைக் கேக்காதீங்க. நிறத்தை அதுங்ககிட்டயே விட்டுடுங்க. எங்க அம்மிணி எடுத்தது தாமரைப்பூ நிறம், எனக்குச் சகிக்கல, ஆனா வாசிக்கறது நான் இல்லையே.

பிரிட்ஜ் அசையாத வகையா இருக்கட்டும். கம்பிகளைப் பூட்டி வைக்கிற ஃப்ளாய்ட் ரோஸ் வகையில ஒரு கம்பி அறுந்தா மத்த அஞ்சும் சுருதி விட்டுடும். பிள்ளை அழும். புதுக் கிட்டாரை அப்படியே கொடுக்காம, விவரமான ஆள்கிட்டக் கொடுத்துக் கம்பி உயரத்தைச் சரி பண்ணி வாங்குங்க. பன்னெண்டாவது ஃப்ரெட்ல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள இருந்தா சுகமா இருக்கும். விலை கூடின கிட்டாரை இந்த வேலை செய்யாமக் கொடுக்கறதை விட, விலை குறைஞ்சதை இதைச் செஞ்சு கொடுக்கறது நல்லதுன்னு நண்பர் அடிச்சுச் சொன்னார். ஃப்ரெட்டோட ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க, கருக்கரிவாள் மாதிரி அறுத்தா அதையும் ராவச் சொல்லணும்.

கரண்ட் சமாச்சாரம் ஒண்ணு. இதை யாருமே சொல்றதில்ல. எலக்ட்ரிக் கிட்டார் கம்பிகள் பிரிட்ஜ் வழியா ஆம்போட எர்த்ல சேர்ந்திருக்கும். வீட்டுல எர்த் ஒழுங்கா இருந்தா அது பாதுகாப்பு. எர்த் இல்லைன்னா கொய்ய்ய்னு இரைச்சல் வரும், சமயத்துல கம்பியைத் தொட்டா சுருக்குன்னு இருக்கும். மோட்டார் ரூம்ல எர்த் குழி காஞ்சு போய் ஸ்டார்ட்டர் பெட்டி கையை உதறின அனுபவம் எங்களுக்கெல்லாம் உண்டு, கோடையில குடம் குடமா தண்ணி ஊத்துவோம். அபார்ட்மென்ட்ல இருக்கிறவங்க அப்படி ஊத்த முடியாது. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த மூணாவது பின் நிஜமாவே எங்கயாவது போய்ச் சேருதான்னு பார்த்துடுங்க. அதுவரைக்கும் பேட்டரியில ஓடற சின்ன ஆம்ப் போதும். ஹெட்போன் மாட்டிக்கலாம், பக்கத்து வீட்டுச் சண்டையும் மிச்சம்.

மாப்பிள்ளை கேட்டது நியாயமான கேள்விதான்: "மூணு வருசத்துல இது சின்னதாயிடுமே மாமா?" ஆகும். ஆனா தோட்டத்துல சின்னக் களைக்கொத்து யாருக்கும் சின்னதாகி வீணானதில்ல, அடுத்த கைக்குப் போயிடும். நல்லா வச்சிருந்தா பாதி விலைக்குக் குறையாமப் போகும்னு நண்பர் சொல்றார். நான் விக்க விடமாட்டேன். அம்மிணிக்குக் கீழே ஆறு வயசுல ஒருத்தன் இருக்கான். அவ வாசிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்துட்டு இப்பவே வால்யூம் குமிழைத் திருகிட்டு இருக்கான், தினம் அடியும் வாங்கறான்.